உஷார்! வெப்பப் படத்தை நம்பிக் காணிக்குள் இறங்காதீர்கள்

வெப்பக் கேமரா கட்டிய ட்ரோனை இன்று காசு கொடுத்தால் யாரும் வாங்கலாம். ஈழத்தின் வடக்கில் காணி வைத்திருப்பவர்களே, வெளிநாட்டிலிருந்து காணி பார்க்க வருபவர்களே, அதைப் பறக்கவிட்டு, "மிதிவெடி ஒன்றும் தெரியவில்லை" என்று சொல்லிப் பற்றைக்குள் இறங்கிவிடாதீர்கள்!

இந்தக் கேமரா மண்ணுக்குள் எந்த அலையையும் அனுப்புவதில்லை. நிலம் விடும் வெப்பத்தை வாங்கிப் படமாக்குகிறது, அவ்வளவுதான். ஆழமில்லாமல் புதைந்த பிளாஸ்டிக் மிதிவெடி, வெயிலின் சூடு கீழே இறங்குவதைத் தடுக்கும். அதனால் அதன் மேல்மண் பகலில் சற்றுக் கூடுதலாகச் சுடும். இரவில் சீக்கிரம் ஆறும். கேமரா பிடிப்பது இந்த வித்தியாசத்தைத்தான். காலையிலும் மாலையிலும் சுற்றியுள்ள மண்ணும் வெடியின் மேல்மண்ணும் ஒரே சூட்டுக்கு வரும் நேரம் உண்டு. அப்போது எடுத்த படத்தில் வெடி இருந்தும் தெரியாது.

வட சாட் பாலைவனத்தில் 'ஹியூமானிட்டி அண்ட் இன்க்ளூஷன்' அமைப்பு, பல ஆண்டுகளாகப் புதைந்து கிடந்த வெடிகளை இப்படிக் கண்டது உண்மை. அங்கே காய்ந்த மணல், மரம் செடி அரிது. முகமாலையும் முல்லைத்தீவும் அப்படியா? 2009-இல் போர் முடிந்த பிறகு மூடி வளர்ந்த பற்றை, உதிர்ந்த காவோலை, வேர். அங்கே கேமராவுக்குக் கிடைப்பது இலையின் சூடுதான். மாரி மழையில் ஊறிய மண்ணில் வித்தியாசம் மங்கிவிடும். புதைத்தபோது கிளறிய தடமும் இத்தனை மழைக்குப் பின் தெரிவது கடினம். கல்லை வெடியென்று காட்டினால் நேரம்தான் வீண். வெடியைக் காட்டாமல் விட்டால் கால் போகும், உயிர் போகும்.

எங்கே முதலில் தேடலாம் என்று நிபுணர்கள் தீர்மானிக்க இந்தப் படம் உதவட்டும். நிலம் சுத்தம் என்பதற்குச் சான்றாக அதை ஒருபோதும் ஏற்கக் கூடாது. மிதிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கைப்படி, அவற்றை அகற்றி முடிக்க இலங்கைக்கு 2028 ஜூன் 1 வரைதான் கெடு. அந்த அவசரத்திலும் குறுக்குவழி வேண்டாம். வன்னியில் பெண்களும் ஆண்களுமாக முழங்காலிட்டு, மெட்டல் டிடெக்டரும் இரும்புப் பற்கள் கொண்ட வாரியுமாக அங்குலம் அங்குலமாகத் தேடுவது காரணமில்லாமல் இல்லை.

மண்டையோட்டுப் பலகையைத் தாண்டாதீர்கள். துப்புரவாக்காத காணியில் குப்பை கொளுத்தாதீர்கள், பழைய இரும்பு பொறுக்காதீர்கள். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாதீர்கள். வந்த காலடித் தடம் தெளிவாகத் தெரிந்தால் மட்டும் அதிலேயே திரும்புங்கள். இல்லையேல் அசையாமல் நின்று உதவிக்குக் கூப்பிடுங்கள். கிராம சேவகரிடமோ 119 இலக்கத்தில் பொலிஸாரிடமோ உடனே சொல்லுங்கள். பிள்ளைகளுக்கும் இன்றே சொல்லி வையுங்கள்.