கல்லூரிச் சாலைக்குப் பின்னால் ஒரு தெரு

பேட்ரிக் கெடிஸ் 1919இல் பம்பாயில் தொடங்கிய சமூகவியல் துறையைச் சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம் மைசூருக்கு வருவோம். இந்தியச் சமூகவியலில் இன்று எந்தப் பாடப்புத்தகத்தைப் புரட்டினாலும் முதல் சில பக்கங்களுக்குள் எதிர்ப்படும் ஒருவர், பி.ஏ. மாணவராக உட்கார்ந்திருந்த ஊர் அது.

மைசூர்ப் பல்கலைக்கழகம் 1916 ஜூலையில் தொடங்கியது. சமஸ்தானத்தின் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றிய கணக்கெடுப்பை 1903 முதல் நடத்திவந்த எச்.வி. நஞ்சுண்டையாதான் அதன் முதல் துணைவேந்தர். அவர் விட்டுச்சென்ற வேலையைப் பாலக்காட்டுக்காரரான எல்.கே. அனந்தகிருஷ்ண ஐயர் முடித்து, நான்கு தொகுதிகளாக வெளியிட்டார். 1921இல் துணைவேந்தராக வந்த பிரஜேந்திரநாத் சீல் பெரிய தத்துவ அறிஞர். மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக இருந்தவர் ஏ.ஆர். வாடியா. சமூகத்தை ஒரு பாடமாகப் படிக்கலாம் என்ற எண்ணம் அங்கே வேர்விட இவர்களெல்லாம் காரணம்.

அதே 1916இன் நவம்பரில் மைசூர் ஐயங்கார் குடும்பமொன்றில் எம்.என். ஸ்ரீநிவாஸ் பிறந்தார். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், வகுப்பில் ஆங்கிலம். பிள்ளைகளைப் படிக்கவைக்க வேண்டுமென்று அரகெரெ கிராமத்தை விட்டு நகரத்துக்குக் குடிவந்தவர் அவருடைய தகப்பனார். வீடு கல்லூரிச் சாலையில். அங்கே பெரும்பாலும் பிராமணக் குடும்பங்கள். வீட்டுக்குப் பின்புறம் பண்டிக்கேரி என்ற பகுதி. அது குறும்பர்கள் வாழ்ந்த இடம். ஆடு மேய்ப்பதும் கம்பளி நெய்வதும் அவர்களுடைய குலத்தொழில். சாப்பாடும் பேச்சும் வீடுகளின் அமைப்பும் வேறு. சிறுவனாக அந்தத் தெருவுக்குள் போனபோது உண்டான அதிர்ச்சியைப் பிற்காலத்தில், உலகமறிந்த அறிஞரான பிறகு, அவர் எழுதிவைத்திருக்கிறார். வேற்றுப் பண்பாடு என்பதை அவர் முதலில் கண்டது சொந்த வீட்டின் கொல்லைப்புறத்தில்தான்.

மகாராஜா கல்லூரியில் அவர் எடுத்தது சமூகத் தத்துவம் என்ற ஆனர்ஸ் படிப்பு. சமூகவியலும் அறவியலும் அரசியல் சிந்தனையும் கலந்த பாடத்திட்டம். 1936இல் பட்டம் வாங்கினார். அகலமான படிப்பு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் பாடம் முழுக்க நூலகத்துக்குள். பண்டிக்கேரி கூப்பிடு தூரத்தில் இருந்தும், அங்கே போய் நாலு பேரிடம் பேசிவிட்டு வா என்று மாணவரை அனுப்பும் வழக்கம் அன்றைய இளங்கலைப் படிப்பில் இல்லை. அதைச் செய்ய அவர் பம்பாய்க்குப் போய்ச் சமூகவியல் பேராசிரியர் ஜி.எஸ். குர்யேயிடம் சேர வேண்டியிருந்தது. அங்கே எம்.ஏ. பட்டத்துக்கு அவர் எழுதிய ஆய்வின் பொருள் என்ன தெரியுமா? மைசூரின் திருமணமும் குடும்பமும்! அது 1942இல் புத்தகமாக வந்தது.

பிறகு ஆக்ஸ்ஃபர்டில் ராட்கிளிஃப்-பிரவுன், எவான்ஸ்-பிரிச்சர்டு ஆகிய மானிடவியலாளர்களிடம் படித்தார். 1948இல் ஊர் திரும்பி, மைசூருக்கு அருகிலுள்ள ஒரு கிராமத்தில் மாதக்கணக்கில் தங்கினார். ‘ராம்புரா’ என்பது அவர் அந்தக் கிராமத்துக்கு வைத்த புனைபெயர். சுமார் 1,500 பேர் வாழ்ந்த ஊர். நூல்களில் பிராமணர் உச்சியில் இருந்தார்கள். ராம்புராவிலோ வழக்குத் தீர்த்தவர்கள், கடன் கொடுத்தவர்கள், யாருக்கு வேலை என்று முடிவு செய்தவர்கள் நிலம் வைத்திருந்த ஒக்கலிகர்கள். ஆள்பலம், நிலம், அதிகாரம் மூன்றும் ஒரே சாதியின் கையில் சேரும்போது என்ன நடக்கிறது என்பதைத்தான் ‘ஆதிக்க சாதி’ என்ற கருத்தாக அவர் வளர்த்தெடுத்தார். தேர்தல் நேரத்தில் நம் டீக்கடைகளில்கூடப் புழங்கும் ‘வாக்கு வங்கி’யும் 1955இல் இந்தக் கிராமத்தைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையில் இடம்பெற்றதுதான்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ராம்புராவில் ஊர்த்தலைவருக்குச் சொந்தமான, மாடு கட்டும் வீட்டில் அவர் தங்கினார். பிராமணர், தலைவரின் விருந்தாளி என்றே ஊர் அவரைப் பார்த்தது. தலித் குடியிருப்பில் தாராளமாகப் பழக முடியவில்லை. இந்தக் குறையை அவரே பதிவு செய்திருக்கிறார். ஆகவே அவர் காட்டும் கிராமம் பெரும்பாலும் மேலிருந்து பார்த்த கிராமம். அவர்மீது எனக்குள்ள மரியாதை பெரிது. ஆனாலும் வகுப்பில் அவரைப் படிக்கும்போது இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடக் கூடாது என்றே நினைக்கிறேன். குறிப்பாக, ஒரு சாதி மேல்சாதியின் பழக்கங்களைப் பின்பற்றி உயர முயல்வதை ‘சமஸ்கிருதமயமாதல்’ என்று அவர் விளக்குவதைப் படிக்கும்போது, அப்படி முயன்றும் ஏற விடப்படாதவர்களைப் பற்றி மாணவர்கள் கேட்க வேண்டும்.

இன்று பி.ஏ. சமூகவியல் படிக்கும் பிள்ளைகளிடம் இந்தக் கருத்துகள் ஐந்து மதிப்பெண் கேள்விகளாகத்தான் வந்து சேர்கின்றன. ‘வரையறு’, ‘சிறுகுறிப்பு வரைக’. மனப்பாடம் செய்து, எழுதி, மறந்துவிடுகிறார்கள். எந்த ஊரிலும் இது வருத்தமானது. மைசூரில் படிக்கும் பிள்ளைக்கும் இதே கதி என்றால் மனம் பொறுக்கவில்லை. மகாராஜா கல்லூரியிலிருந்து தேவராஜ மார்க்கெட்டுக்கு நடந்தே போகலாம். மல்லிகைச் சரமும் வெற்றிலைக் கவுளியும் குங்குமக் குவியலும் இருக்கும் அந்த வரிசைகளில் ஒரு காலைப்பொழுது நின்றால் போதும், கேள்விகள் தானாக வரும். கடை யார் பெயரில் இருக்கிறது? முதல் போட்டவர் யார்? கடைக்குள் உட்கார்ந்திருப்பவர் யார், வெளியே சாக்கு விரித்து விற்கும் அம்மா யார்? அவர் எந்த ஊரிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்தார்? பூ கட்டுபவருக்கு முழத்துக்கு எவ்வளவு கூலி? மூன்றாண்டுப் படிப்பில் ஒரு பருவமாவது இதற்கென ஒதுக்க வேண்டும். அதற்கு மதிப்பெண்ணும் தர வேண்டும். பிள்ளைகளின் பெற்றோர்களே பலர் இத்தகைய வரிசைகளில் உட்கார்ந்திருப்பவர்கள். தங்கள் வீட்டு அனுபவமும் பாடமாகும் என்று அந்தப் பிள்ளைகள் அறிய வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

ஸ்ரீநிவாஸ் 1959இல் டெல்லிக்குப் போய் ஒரு துறையை உருவாக்கினார். அங்கே அவரிடம் ஆய்வு செய்த ஆந்த்ரே பெத்தேய் என்ற இளைஞர், 1961இல் தஞ்சாவூர் மாவட்டத்துக் கிராமமொன்றுக்கு வந்து அக்ரஹாரத்தில் தங்கினார். அந்த இருப்பிடம் அவருக்கு எதைக் காட்டியது, எதை மறைத்தது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)