அக்கானி என்று தேடினால்

குமரி மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் அஞ்சுகிராமம் பக்கம் பதநீருக்குப் பெயர் அக்கானி. அந்தச் சொல்லைக் கைப்பேசியில் தேடும் பள்ளி மாணவிக்குப் பதநீர் பற்றிய பக்கம் கிடைக்க வேண்டும். விக்கிப்பீடியாவில் இதற்கு 'வழிமாற்று' என்ற ஏற்பாடு உண்டு. வட்டாரச் சொல்லைத் தட்டினாலும் பொதுச்சொல்லில் எழுதிய கட்டுரை திறக்கும். ஆனால் கதவு திறந்தால் மட்டும் போதாது, உள்ளே இருப்பது புரியவும் வேண்டும்.

'பதநீரானது பனையின் பூந்துணர்களிலிருந்து பெறப்படும் நொதிக்கப்படாத சாறாகும்' என்று ஒரு கட்டுரை தொடங்கலாம். பிழையில்லாத வாக்கியம்தான். அதையே இப்படியும் எழுதலாம்: 'பனையின் பாளையைச் சீவிக் கலயம் கட்டினால் சாறு சொட்டுச் சொட்டாக இறங்கும். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவியிருந்தால் சாறு புளிக்காது, அது பதநீர். தடவாவிட்டால் புளித்துக் கள்ளாகும்.' இரண்டாவதில்தான் செய்தி அதிகம். 'நொதிக்கப்படாத' என்ற ஒரு சொல்லுக்குள் ஒளிந்திருந்த வேலை வெளியே வந்துவிட்டது. காற்றிலும் கலயத்திலும் இருக்கும் ஈஸ்ட் சர்க்கரையைச் சாராயமாக்குகிறது, சுண்ணாம்பின் காரத்தன்மை அதைத் தடுக்கிறது என்று அடுத்த வரியில் சொல்லிவிடலாம். இப்படி எழுத, எழுதுபவருக்குப் பனையேறியின் வேலை தெரிந்திருக்க வேண்டும். எளிய நடை அறிவைக் குறைத்துக் கொடுப்பது என்ற எண்ணம் தவறு. விஷயம் தெரியாதவருக்குக் கடின நடைதான் சுலபம்.

புரியும்படி எழுத வேண்டும் என்ற அக்கறை தமிழில் இணையத்துக்கு முந்தியது. தமிழ் வளர்ச்சிக் கழகம் பெ. தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை கலைக்களஞ்சியத்தைப் பத்துத் தொகுதிகளாக வெளியிட்டது. அதோடு நிற்காமல் சிறுவர்களுக்கென்று தனியே குழந்தைகள் கலைக்களஞ்சியத்தையும் பத்துத் தொகுதிகளில் கொண்டுவந்தது. அதற்கும் தூரனே பொறுப்பு.

2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவுக்கு வேறொரு சிக்கல் சேர்ந்தது. இலங்கையர் இரசாயனவியல், பௌதிகவியல், ஒட்சிசன் என்று படித்தவர்கள். தமிழ்நாட்டார் வேதியியல், இயற்பியல், ஆக்சிஜன் என்று படித்தவர்கள். ஒருவருக்கு எளிதான சொல் மற்றவருக்குப் புதிது. முதல் வரியிலேயே இரண்டு பெயரையும் சொல்லிவிட்டால் யாரும் வெளியே நிற்க வேண்டியதில்லை.

துறைச்சொல்லே கூடாது என்பதல்ல. சர்க்கரை நோய் என்றால் எல்லாருக்கும் புரியும். ஆனால் முதல் வகைக்கும் இரண்டாம் வகைக்கும் உள்ள வேறுபாட்டை எளிமைக்காக விட்டுவிட்டால் அது ஆபத்து. அதே சமயம் துறைச்சொல்லை விளக்காமல் விடவும் கூடாது. கருப்பட்டி சாப்பிட்டால் சர்க்கரை ஏறாது என்று நம்புகிறவர்கள் பலர். அவர்கள் தேடிவரும் பக்கத்தில் 'கிளைசெமிக் குறியீடு' என்ற சொல் விளக்கமின்றி நின்றால், கேட்டதற்குப் பதில் கிடைக்காமலே திரும்புவார்கள். 'கருப்பட்டியிலும் பெரும்பகுதி சுக்ரோஸ் என்ற சர்க்கரைதான். அதைச் சாப்பிட்டாலும் இரத்தத்தில் சர்க்கரை ஏறும்' என்று முதலில் எழுதிவிட்டு, குறியீட்டைப் பிறகு விளக்கலாம்.