ஆபீஸ் மீட்டிங்... அப்படியே ஊட்டி!

"சனிக்கிழமை ஊட்டியில டீலர் மீட்டிங். ஞாயிறு மத்தியானம் வரைக்கும் ரூம் இருக்கு. நீயும் வாயேன்!"

கணவர் இப்படிக் கூப்பிட்டால் எந்த மனைவிக்குத்தான் கசக்கும்? பெட்டியில் ஸ்வெட்டர் ஏறிவிடும். ஆனால் திரும்பும்போது பல ஜோடிகள் 'உர்'ரென்றுதான் வருகிறார்கள். அவர் ராத்திரி பதினொரு மணிக்கு ரூமுக்கு வருவார். இவரோ நாள் முழுக்க டி.வி. பார்த்து அலுத்துப் போயிருப்பார். (மனைவிக்கு மாநாடு, கணவர் துணைக்கு என்பதும் இப்போது சகஜம். அங்கேயும் இதே கதைதான்!)

கிளம்பும் முன்பே நிகழ்ச்சி நிரலை வாங்கி இருவரும் உட்கார்ந்து பாருங்கள். எதற்குக் கட்டாயம் போகணும், எதிலிருந்து நழுவலாம் என்று பேசிவிடுங்கள். "சீக்கிரம் வந்துடறேன்" என்ற பேச்செல்லாம் வேண்டாம். "நாலரைக்கு வந்துடுவேன், ஏழரைக்கு டின்னருக்குப் போகணும்" என்று மணிக்கணக்காகச் சொல்லுங்கள். அந்த மூணு மணி நேரம் உங்களுடையது. செல்போனை அணைத்து வைத்தால் கம்பெனி ஒன்றும் மூழ்கிவிடாது.

மலைப்பாதையில் வயிற்றைப் புரட்டுகிறவரா நீங்கள்? வளைவுகளில் உடம்பு ஆடுவதைக் காது சொல்கிறது. செல்போனையே பார்த்துக்கொண்டிருக்கும் கண்ணோ 'ஆடவில்லை' என்கிறது. இந்தக் குழப்பம்தான் குமட்டல். முன் சீட்டில் உட்கார்ந்து தூரத்தில் தெரியும் மலையைப் பாருங்கள். வயிறு முட்டச் சாப்பிடவும் வேண்டாம், வெறும் வயிறும் வேண்டாம். வாந்தி மாத்திரை என்றால் டாக்டரைக் கேட்டு, கிளம்புவதற்கு முன்பே போடணும். தூக்கம் வரும், வண்டி ஓட்டுகிறவர் தொடக்கூடாது.

இனி, கம்பெனி டின்னர். நம் கவலையெல்லாம் இங்கேதான்.

கணவருக்குச் சர்க்கரை நோய். இன்சுலின் போடுகிறார், அல்லது கிளிமிபிரைடு மாதிரி மாத்திரை சாப்பிடுகிறார். எட்டு மணிக்குச் சாப்பாடு என்று நம்பி வழக்கம்போல மருந்தை எடுத்துவிட்டார். மேடையில் பேச்சு, பரிசு, மறுபடி பேச்சு. சாப்பாடு பத்து மணிக்கு! நடுவில் நண்பர்கள் ஒரு கிளாஸை வேறு நீட்டுகிறார்கள். ரத்தத்தில் சர்க்கரை குறைந்தால் கல்லீரல் தன் கையிருப்பை எடுத்துக் கொடுக்கும். மது அந்த வேலையைத் தடுத்துவிடும்.

வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, பேச்சில் குழறல்... பார்ப்பவர்களுக்குப் போதை மாதிரியே தெரியும். "சாருக்கு ஓவராயிடுச்சு" என்று படுக்க வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். ஆபத்தே அதுதான். நீங்கள் பக்கத்தில் இருந்தால் கண்டுபிடித்துவிடுவீர்கள். அதனால், 'லேடீஸ் எல்லாம் அந்தப் பக்கம்' என்று பிரித்து உட்கார வைத்தாலும் அவர் கண்ணில் படுகிற இடமாகப் பார்த்து உட்காருங்கள்.

கைப்பையில் குளுக்கோஸ் இருக்கட்டும். தண்ணீரில் மூன்று டீஸ்பூன் சர்க்கரை கலந்து கொடுத்தாலும் போதும். பதினைந்து நிமிஷத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை கொடுங்கள். தெளிந்ததும் சாப்பாடு. நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், உடனே ஆஸ்பத்திரி. டின்னர் தள்ளிப்போனால் மருந்தை எப்போது எடுப்பது என்பதை ஊரிலேயே டாக்டரிடம் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

ராத்திரி குளிரும். சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் ரூம் ஹீட்டர் பக்கத்தில் காலை நீட்டக்கூடாது. சுட்டுப் பொத்துப்போவதே தெரியாது. சாக்ஸ் போட்டுக்கொண்டு படுங்கள்.

ஞாயிறு காலை தாவரவியல் பூங்கா. 1848-ல் உருவாகத் தொடங்கிய தோட்டம். கூட்டம் சேருமுன் போனால் நிதானமாக நடக்கலாம். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல் உயரம். மேட்டில் ஏறும்போது கொஞ்சம் மூச்சு வாங்கும். மூச்சு வாங்குகிறவரின் வேகத்துக்கு மற்றவர் நடந்தால் போதும். அதோடு, முந்தின நாள் மீட்டிங் கதையை ஆரம்பிக்காமல் இருந்தால் புண்ணியம்!

வருகிறபோது மலை ரயிலில் இறங்கலாம். மேட்டுப்பாளையம் 46 கி.மீ. டிக்கெட்டை முன்கூட்டியே ரிசர்வ் செய்துவிடுங்கள். ஜன்னலோர சீட்டு யாருக்கு என்பதை நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.