தீம் பார்க் போறீங்களா? எந்த எக்ஸ்ட்ராவுக்குக் காசு கொடுக்கலாம், எதை விட்டுவிடலாம்?

நான்கு பேருக்கு நுழைவு டிக்கெட் ஆன்லைனில் போட்டாயிற்று. பணம் கட்டும் முன்பே மொபைல் திரையில் அடுத்தடுத்து கேள்விகள் வருகின்றன. 'ஃபாஸ்ட் டிராக் வேண்டுமா?', 'மதிய உணவும் சேர்க்கவா?', 'காம்போ எடுத்தால் லாபம்!' உள்ளே போனால் லாக்கர், நீச்சல் உடை, போட்டோ, கேம்ஸ் என்று பட்டியல் நீளும். மாலையில் வெளியே வந்து கணக்குப் பார்த்தால், நுழைவுக் கட்டணத்துக்குச் சமமாக எக்ஸ்ட்ரா செலவு ஆகியிருக்கும்!

காஞ்சிபுரம் குடும்பங்களுக்கு இந்தக் கணக்கு முக்கியம். வேலைப்பாட்டைப் பொறுத்து, தறியில் ஒரு பட்டுச்சேலை முடிய பத்து நாளும் ஆகலாம், ஒரு மாதமும் ஆகலாம். சேலை முடிந்தால்தான் கூலி. அப்படிச் சேர்த்த பணத்தில் பிள்ளைகளை ஒரு நாள் அழைத்துப் போகும்போது, எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுப்பது நல்லதுதானே?

பக்கத்திலேயே வந்துவிட்ட பார்க்

ஈ.சி.ஆரில் விஜிபி யுனிவர்சல் கிங்டம், முட்டுக்காட்டில் எம்ஜிஎம் டிஸ்ஸி வேர்ல்டு, பூந்தமல்லி பக்கம் குயின்ஸ்லேண்ட் என மூன்றும் காஞ்சிபுரத்துப் பள்ளிச் சுற்றுலாக்களுக்குப் பழகிய பெயர்கள். 2025 டிசம்பரில் திருப்போரூர் அருகே இள்ளலூரில் வொண்டர்லாவும் திறக்கப்பட்டது. 64 ஏக்கர், 43 ரைடுகள், 611 கோடி ரூபாய் முதலீடு. இருக்கைகள் தண்டவாளத்துக்குக் கீழே தொங்கியபடி ஓடும் 'தஞ்சோரா' ரோலர் கோஸ்டர்தான் அங்கே ஸ்பெஷல். ஸ்விட்சர்லாந்தின் போலிகர் அண்ட் மாபிலார்ட் நிறுவனத் தயாரிப்பு அது.

காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத், செங்கல்பட்டு வழியாக ஏறக்குறைய 60 கிலோமீட்டர். காலையில் கிளம்பினால் இரவு வீடு திரும்பிவிடலாம். இந்தத் தூரம்தான் காஞ்சி மக்களுக்குப் பெரிய சாதகம். ஏன் என்று பிறகு பார்ப்போம்.

முதலில் சுவரில் ஒரு கோடு

எந்த எக்ஸ்ட்ராவும் வாங்கும் முன், வீட்டுச் சுவரில் பிள்ளைகளின் உயரத்தை அளந்துவிடுங்கள். பெரிய ரைடுகளில் 120 செ.மீ., 140 செ.மீ. எனக் குறைந்தபட்ச உயரம் வைத்திருப்பார்கள். பாதுகாப்பு பெல்ட்டும் தோள்பிடியும் அந்த உடலளவுக்குத்தான் பொருந்தும் என்பதால் இதில் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். 130 செ.மீ. உயரமுள்ள பிள்ளைக்கு ஃபாஸ்ட் டிராக் வாங்கினால், 140 கேட்கும் ரைடு வாசலில் பிள்ளை அழும். அந்தப் பணமும் வீண்.

இதய நோய், முதுகுவலி, ரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் பெரிய ரைடுகளைத் தவிர்க்க வேண்டும். அப்படியென்றால் வீட்டில் உண்மையாகவே ரைடு ஏறப்போகிறவர்கள் எத்தனை பேர்? நான்கில் இரண்டு பேர்தான் என்றால், வேகப் பாஸும் இரண்டு போதும்.

டிக்கெட் விலையைப் பார்க்கும்போது வரியையும் கவனியுங்கள். தீம் பார்க் நுழைவுக்கு ஜி.எஸ்.டி. 18%. 2018 ஜனவரியில்தான் 28 சதவிகிதத்திலிருந்து இது குறைக்கப்பட்டது. 1,500 ரூபாய் என்று காட்டுவது வரி சேராத விலை என்றால், கட்ட வேண்டியது 1,770. நான்கு பேருக்கு 1,080 ரூபாய் வித்தியாசம்! மாணவர்கள், மூத்த குடிமக்களுக்குச் சலுகை உண்டா என்பதையும் முன்பே பார்த்து, அடையாள அட்டையை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.

ஃபாஸ்ட் டிராக்: எப்போது லாபம்?

எக்ஸ்ட்ராக்களிலேயே விலை அதிகமானது இதுதான். தனி வரிசையில் சீக்கிரம் ஏறலாம். ஆனால், ரைடு வேகமாக ஓடப்போவதில்லை. உங்களை முன்னால் விடுவார்கள், அவ்வளவுதான்.

கணக்கு எளிது. ஒரு ரைடில் 20 இருக்கை, மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை கிளம்புகிறது என்றால், மணிக்கு 400 பேர் ஏறலாம். உங்களுக்கு முன்னால் 200 பேர் நின்றால் அரை மணி நேரக் காத்திருப்பு. பாதி இருக்கைகள் வேகப் பாஸ்காரர்களுக்குப் போனால், பொது வரிசைக்கு மணிக்கு 200 பேர்தான். அதே வரிசை ஒரு மணி நேரமாகும். இருக்கையை எண்ணி, எத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை கிளம்புகிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள். எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதை யாரையும் கேட்காமலே சொல்லிவிடலாம்.

இனி பணக் கணக்கு. உதாரணத்துக்கு, ஃபாஸ்ட் டிராக்குக்கு ஆளுக்கு 1,000 ரூபாய் கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். நான்கு பேருக்கு 4,000. பொங்கல் விடுமுறையிலோ மே மாத ஞாயிற்றுக்கிழமையிலோ நான்கு பெரிய ரைடுகளில் தலா அரை மணி நேரம் மிச்சமானால், மொத்தம் இரண்டு மணி நேரம் கையில் கிடைக்கும். கூட்டமில்லாத செவ்வாய்க்கிழமையில் ரைடுக்குப் பத்து நிமிடம்தான் மிச்சம் என்றால், அதே 4,000 ரூபாய்க்குக் கிடைப்பது 40 நிமிடம்!

இங்கேதான் அந்த 60 கிலோமீட்டர் கைகொடுக்கிறது. திருநெல்வேலியிலிருந்தோ கன்னியாகுமரியிலிருந்தோ வருகிறவர்களுக்கு இது ஒரே வாய்ப்பு. விடுமுறைக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டால் அவர்களுக்கு ஃபாஸ்ட் டிராக் நியாயமான செலவு. காஞ்சி குடும்பத்துக்கு நாளையே மாற்றிக்கொள்ள முடியும். ஞாயிறு போகாமல், பள்ளி விடுமுறையில் வருகிற ஒரு வார நாளில் போனால் வேகப் பாஸின் பாதிப் பலன் காசில்லாமலே கிடைக்கும். வீட்டுத் தறிக்காரர்கள் ஒரு நாள் தறியை நிறுத்தினால் அன்றைய கூலி போகும்தான். ஆனால், ஞாயிறு போனாலும் அடுத்த நாள் களைப்பில் தறியில் உட்கார முடிகிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

வாங்குவது என்று முடிவானால் நான்கு விஷயங்களைக் கேட்டுவிடுங்கள். எந்தெந்த ரைடுகளுக்குச் செல்லும்? ஒவ்வொன்றுக்கும் ஒரு முறையா, எத்தனை முறையும் ஏறலாமா? நீர் விளையாட்டுகளும் சேருமா? உள்ளே போய்க் கூட்டத்தைப் பார்த்த பிறகும் வாங்க முடியுமா? கடைசிக் கேள்விக்கு 'முடியும்' என்று பதில் வந்தால், முன்கூட்டி வாங்க அவசரமே இல்லை.

அத்திவரதர் சொன்ன பாடம்

காசு கொடுத்த வரிசையும் நீளும் என்பதைக் காஞ்சிபுரத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 40 ஆண்டுகளுக்கு ஒரு முறை நீரிலிருந்து எழுந்தருளும் அத்திவரதர், 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள்கள் தரிசனம் தந்தார். ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். சிறப்புப் பாஸ் கையில் இருந்தும் மணிக்கணக்கில் நின்றவர்களை ஊரே பார்த்தது. சிறப்பு வரிசையில் எல்லோரும் சேர்ந்துவிட்டால் அதில் சிறப்பு எங்கே இருக்கும்?

உலக அளவிலும் இதே கதைதான். டிஸ்னி 1999-ல் 'ஃபாஸ்ட்பாஸ்' கொண்டுவந்தபோது அது எல்லோருக்கும் இலவசம். 2021-ல் அமெரிக்கப் பார்க்குகளில் அதை நிறுத்திவிட்டுக் கட்டணச் சேவையாக மாற்றினார்கள். சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்டுடியோஸில் 'எக்ஸ்பிரஸ்' பாஸின் விலை நாளைப் பொறுத்து மாறும். கூட்ட நாளில் விலையும் ஏறும். ஆனால், அங்கே சில ரைடுகளில் 'சிங்கிள் ரைடர்' என்று ஒரு வரிசை உண்டு. குடும்பத்தோடு சேர்ந்து உட்காராமல், காலியாக இருக்கும் ஒற்றை இருக்கையில் ஏறச் சம்மதித்தால் காசில்லாமல் சீக்கிரம் போகலாம். சிங்கப்பூர் டூர் போகிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

லாக்கர்: தயங்காமல் எடுங்கள்

குறைந்த செலவில் அதிக நிம்மதி தருவது லாக்கர்தான். நீர் விளையாட்டு உள்ள பார்க்கில் பர்ஸ், மொபைல், மாற்றுடை எல்லாவற்றையும் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் கரையிலேயே உட்கார வேண்டியிருக்கும். பெரும்பாலும் அது அம்மாவாகவோ பாட்டியாகவோ இருக்கும்! அவரும் டிக்கெட் எடுத்துத்தானே உள்ளே வந்திருக்கிறார்? குடும்பத்துக்கு ஒரு பெரிய லாக்கர் எடுத்தால் போதும். தங்க நகைகளை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

உடை: ஊரிலேயே வாங்குங்கள்

பட்டு ஊர்க்காரர்களுக்கு இது புதிதாக இருக்கலாம். சேலை, சுடிதார் துப்பட்டா, பருத்தி உடை எதையும் பல பார்க்குகளில் நீச்சல் குளத்துக்குள் அனுமதிப்பதில்லை. பருத்தி நீரை உறிஞ்சிக் கனமாகும், அதன் நூல் தண்ணீர் வடிகட்டியில் சிக்கும். நைலான், லைக்ரா போன்ற துணிதான் கேட்பார்கள். இது தெரியாமல் போனால் உள்ளே இருக்கும் கடையில் அவர்கள் சொல்லும் விலைக்கு வாங்க வேண்டிவரும். பார்க்கின் இணையதளத்தில் உடை விதியைப் படித்துவிட்டு, காந்தி ரோட்டுக் கடைகளிலேயே டி-ஷர்ட், ஷார்ட்ஸ் வாங்கிவிடுங்கள். மொபைலுக்கான பிளாஸ்டிக் உறை, துண்டு, ஜிப் வைத்த ஈரத்துணிப் பை ஆகியவற்றையும் வீட்டிலிருந்தே எடுத்துச் செல்லலாம்.

சாப்பாட்டுக் காம்போ: பசியைப் பொறுத்து

வெளிச் சாப்பாட்டுக்குப் பெரும்பாலும் அனுமதி இல்லை. காலையில் இட்லியை வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு உள்ளே போவதுதான் முதல் சேமிப்பு. தண்ணீரில் ஆடினால் பசி பிய்க்கும் என்பதால், வளர்ந்த பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் பஃபே காம்போ பெரும்பாலும் கட்டுப்படியாகும். நான்கு வாய் சாப்பிட்டுவிட்டு ஓடும் சின்னப் பிள்ளைக்கு முழு காம்போ வீண். எத்தனை வயது வரை இலவசம் என்று கேளுங்கள். ஒரு மணிக்கு எல்லோரும் சாப்பிடப் போகும்போது நீங்கள் ரைடுக்குப் போய்விட்டு, இரண்டு மணிக்குச் சாப்பிடலாம்.

காலி பாட்டில் கொண்டுபோனால் குடிநீர்க் குழாயில் நிரப்பிக்கொள்ளலாம். கடையில் பாக்கெட் பொருளை எம்.ஆர்.பி.-க்கு மேல் விற்றால் ரசீது கேளுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

போட்டோ, கேம்ஸ்: ஒன்றே ஒன்று

ரைடு சரிந்து இறங்கும் நொடியில் கேமரா எடுக்கும் படத்தை உங்கள் மொபைலில் எடுக்க முடியாது. அதனால் அதற்குக் காசு கொடுப்பதில் தவறில்லை. ஆனால், முதலில் திரையில் பாருங்கள். எல்லோர் முகமும் தெரிகிற ஒரே ஒரு படத்தை வாங்குங்கள். வாசலில் நிற்கவைத்து எடுக்கும் படத்தை நீங்களே எடுத்துக்கொள்ளலாம். பந்து எறிந்து பொம்மை ஜெயிக்கும் கேம்ஸ், தனிக்கட்டண விளையாட்டுகள் எல்லாம் மற்ற ரைடுகளை முடித்த பிறகுதான்.

சேலை எடுக்கும்போது காஞ்சிக்காரர்கள் கோர்வைக்கும் ஜரிகைக்கும் யோசிக்காமல் கொடுப்பார்கள். அட்டைப்பெட்டிக்குக் காசு கேட்டால் சிரிப்பார்கள். பார்க்கிலும் அதே கண்ணோடு பாருங்கள். வீட்டிலிருந்து கொண்டுவர முடியாததும், சீக்கிரம் வந்தாலும் கிடைக்காததும் எதுவோ அதற்கு மட்டும் கொடுங்கள்.

பிள்ளைகளிடமும் ஒரு முடிவு

கிளம்பும் முன்பே எக்ஸ்ட்ராக்களுக்கு இவ்வளவுதான் என்று ஒரு தொகையைப் பிரித்து வையுங்கள். அதில் 200 ரூபாயைப் பிள்ளையின் பங்காகச் சொல்லிவிடுங்கள். போட்டோவா, ஐஸ்க்ரீமா, ஒரு கேமா என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். 'அது வேணும், இது வேணும்' என்ற நச்சரிப்பு குறையும். எதை விட்டால் எது கிடைக்கும் என்ற கணக்கும் அன்றே புரிந்துவிடும்.