குட்டை ஜீப்பா, நெட்டை ஜீப்பா?

தூத்துக்குடித் துறைமுகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற என் மாமா, அத்தையுடன் லடாக் வரை ஜீப்பிலேயே சென்றுவர எண்ணினார். எந்த வண்டி வாங்கலாம் என்று இயற்பியல் மாணவனான என்னிடம் கேட்டார்.

முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையேயுள்ள தூரமே வீல்பேஸ் எனப்படும். 2020இல் வந்த மூன்று கதவு மஹிந்திரா தாரில் அது 2450 மில்லிமீட்டர். 2024இல் வந்த ஐந்து கதவு தார் ராக்ஸில் 2850. வேறுபாடு ஒரு முழத்திற்கும் சற்றுக் குறைவே!

சாத்தான்குளம் பக்கத்துச் செம்மணல் தேரியை நினைத்துப் பாருங்கள். மேட்டின் உச்சியைக் கடக்கும்போது முன்சக்கரம் அப்பக்கமும் பின்சக்கரம் இப்பக்கமும் நிற்கும். அடிப்பாக உயரம் ஒன்றேயாயினும் நெட்டை வண்டியின் வயிறே முதலில் மணலில் தட்டும். குறுகிய வழியில் திரும்பவும் குட்டையே எளிது.

ஆனால் நெடும்பயணத்தில் தண்ணீர், படுக்கை, பெட்டி எல்லாம் வேண்டும். குட்டை வண்டியில் அச்சுமைகள் பின் அச்சுக்கு மேலும் பின்னுமாக அமரும். தராசு போல, பின்பாரம் மிகுந்தால் முன்சக்கரங்களின் பிடி குறையும். நெட்டை வண்டியில் பெரும்பாரம் இரு அச்சுகளுக்கும் நடுவே அமரும்; முன்னும் பின்னுமான ஆட்டமும் குறைவு.

மாமாவின் மனம் குட்டையையே நாடியது. இரவல் வண்டியில் மணப்பாடு வரை போய் வந்தோம். இறங்கியதும் அத்தை இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "லடாக்குக்கு நீங்க மட்டும் போயிட்டு வாங்க" என்றார். வழக்கு முடிந்தது, நெட்டை வென்றது!

வழியையும் சுமையையும் மட்டுமன்று, உடன் வருபவரையும் கணக்கிட்டே வண்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.