எலும்புக்குள் வலி... உதட்டில் ராப்!

'காதலன்' படத்துல 'பேட்டை ராப்' வந்தப்போ, "என்ன கண்றாவிடா இது!" என்று டி.வி. சத்தத்தைக் குறைத்த அப்பாக்களில் நீங்களும் ஒருவரா? அப்படியானால் இந்தக் கட்டுரையின் நாயகனை உங்களுக்குப் பிடிக்கப் போவதில்லை. பரவாயில்லை. அவருடைய பாட்டு பிடிக்காவிட்டாலும், அவருடைய ரத்தத்தைப் பற்றி நீங்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

பெயர் ஆல்பர்ட் ஜான்சன். மேடைப் பெயர் பிராடிஜி. 1974-ல் நியூயார்க் அருகே பிறந்தவர். தாத்தா பட் ஜான்சன் பெயர் பெற்ற ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர். அம்மா 'தி கிரிஸ்டல்ஸ்' என்ற பாடகியர் குழுவில் இருந்தவர். இசை ரத்தத்திலேயே ஊறியிருந்தது. கூடவே இன்னொன்றும் ஊறியிருந்தது. அதுதான் 'சிக்கிள் செல் அனீமியா' என்கிற அரிவாள் செல் சோகை.

நம் ரத்தச் சிவப்பணு எப்படி இருக்கும் தெரியுமா? மெதுவடை மாதிரி. நடுவில் ஓட்டைக்குப் பதிலாகப் பள்ளம், அவ்வளவுதான். வளைந்து நெளிந்து எவ்வளவு குறுகலான நாளத்திலும் புகுந்து போய்விடும். இந்த நோய் உள்ளவர்களுக்கு ஹீமோகுளோபினில் பிறவியிலேயே ஒரு சின்னக் கோளாறு. ஆக்ஸிஜன் குறைந்தால் போதும், அணு விறைத்துப்போய் கதிர் அறுக்கிற அரிவாள் மாதிரி வளைந்துவிடும். குறுகலான சந்தில் மாட்டு வண்டி திரும்ப முடியாமல் குறுக்கே மாட்டிக்கொண்டால் என்ன ஆகும்? பின்னால் வருவதெல்லாம் நிற்கும். அதேதான் இங்கேயும். ரத்தம் போகாத இடத்தில், முக்கியமாக எலும்புகளில், வலி பிடுங்கும். முதுகு, மார்பு, கை, கால் என்று எங்கே வேண்டுமானாலும் வரும். சில மணி நேரமும் இருக்கலாம், ஒரு வாரமும் நீடிக்கலாம். நம்முடைய சிவப்பணு சுமார் 120 நாள் உயிரோடு இருக்கும். இவர்களுக்கு 10 முதல் 20 நாள்தான். அதனால் எப்போதும் சோகை.

பார்ப்பதற்கு ஒன்றுமே தெரியாது என்பதுதான் கொடுமை. காயம் இல்லை, வீக்கம்கூடப் பல நேரம் இருக்காது. "ஸ்கூலுக்கு மட்டம் போட நடிக்கிறான்", "வளர்ற வயசு, அப்படித்தான் வலிக்கும்" என்று பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். பிராடிஜிக்கு இந்த வலி குழந்தைப் பருவத்திலிருந்தே உண்டு. ஆஸ்பத்திரிக் கட்டிலும் வலி ஊசியும் அவருக்குப் பழகிப்போன விஷயங்கள்.

பள்ளியில் கிடைத்த நண்பன் ஹேவக்குடன் சேர்ந்து அவர் அமைத்த ஜோடிதான் 'மாப் டீப்'. 1993-ல் வந்த முதல் ஆல்பம் எடுபடவில்லை. 1995-ல் 'தி இன்ஃபேமஸ்' வந்தபோது அவருக்கு வயது 20. இன்றைக்கும் ராப் ரசிகர்கள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடும் ஆல்பம் அது. துப்பாக்கியும் தெருச்சண்டையுமான வரிகள்தான், உங்கள் பிள்ளைக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஆனால் 2000-ல் வெளியான தனி ஆல்பத்தில் ஒரு பாட்டு வைத்தார். தலைப்புக்கு அர்த்தம், 'என் வலி உங்களுக்குப் புரியவே புரியாது'. முழுக்க முழுக்கத் தன் நோயைப் பற்றியது. முறுக்கிக்கொண்டு நிற்பதே பெருமை என்கிற அந்த உலகத்தில், ஒரு இளைஞன் 'எனக்கு உடம்பு முடியாது' என்று மைக்கில் சொல்வது லேசான காரியமா?

யோசித்துப் பாருங்கள். மேடையில் ஒரு மணி நேரம் குதித்துப் பாடினால் வியர்வையில் உடம்பின் தண்ணீர் போகும். தண்ணீர் குறைந்தால் அணுக்கள் சட்டென்று அரிவாளாகும். கடும் குளிர், அதிக அலைச்சல், தூக்கமின்மை, காய்ச்சல் எல்லாமே இந்த நோய்க்கு எதிரி. ஒரு பாடகரின் சுற்றுப்பயணத்தில் இதில் எது இல்லை?

அவர் உத்தமர் என்று சொல்லவில்லை. அனுமதியில்லாத துப்பாக்கி வைத்திருந்ததற்காக 2008 முதல் 2011 வரை சிறையில் இருந்தார். ஆனால் உள்ளே போன பிறகும் உடம்பை விட்டுவிடவில்லை. சிறைக் கேன்டீனில் கிடைத்ததை வைத்துத் தனக்கு ஒத்துக்கொள்கிற மாதிரி சமைத்துச் சாப்பிட்ட கதையை, 2016-ல் ஒரு சமையல் புத்தகமாகவே போட்டார்!

'அமெரிக்காக்காரன் நோய், நமக்கென்ன?' என்கிறீர்களா? இந்தியாவில் இது முதலில் கண்டறியப்பட்டதே நம்ம நீலகிரியில்தான். 1952-ல், மலைவாழ் மக்களிடம். மத்திய இந்தியப் பழங்குடியினரிடமும் நிறைய உண்டு. 2047-க்குள் இதை ஒழிக்க வேண்டுமென்று மத்திய அரசு 2023-ல் தனி இயக்கமே தொடங்கியிருக்கிறது.

அப்பா, அம்மா இருவருமே இந்த மரபணுவைச் சுமப்பவர்களாக இருந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. சுமப்பவர்களுக்குப் பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் இருக்காது, ஆகவே பரிசோதிக்காமல் தெரியாது. உங்கள் குடும்பத்தில் யாருக்காவது இது இருந்தால், கல்யாணத்துக்கு முன்பே 'ஹீமோகுளோபின் எலக்ட்ரோஃபோரெசிஸ்' என்ற ரத்தப் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள். இன்னொன்று... சோகை என்றதுமே நாமாக இரும்புச்சத்து டானிக் வாங்கிக் கொடுக்கிற வழக்கம் நம் வீடுகளில் உண்டு. இந்தச் சோகைக்கு அது மருந்தல்ல. உடம்பில் இரும்பு அளவுக்கு மேல் சேர்ந்து கெடுதலாகவும் முடியலாம். டாக்டர்கள் கொடுப்பது ஃபோலிக் அமிலம், வலி அடிக்கடி வராமல் இருக்க ஹைட்ராக்ஸியூரியா. 2023 டிசம்பரில் அமெரிக்கா மரபணு சிகிச்சைக்கும் அனுமதி கொடுத்துவிட்டது. ஆனால் விலை கேட்டால் மயக்கம் வரும்.

பிராடிஜிக்கு அந்தக் காலம் வரை காத்திருக்கக் கொடுத்து வைக்கவில்லை. 2017 ஜூனில், லாஸ் வேகாஸ் நகரின் பாலைவன வெயிலில் ஒரு நிகழ்ச்சி. பாடி முடித்த பிறகு வலி பிடித்துக்கொள்ள, ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கே சிகிச்சையில் இருந்தபோது, சாப்பிட்டது தொண்டையில் அடைத்து மூச்சுத் திணறியதே மரணத்துக்குக் காரணம் என்று பின்னர் விசாரணையில் தெரிந்தது. அவருக்கு அப்போது வயது 42.

அன்று தேதி ஜூன் 20. அதற்கு முந்தைய நாள்தான் உலக அரிவாள் செல் சோகை தினம்.