ஊருக்கும் ஒரு மனம் உண்டு

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது பழவேற்காடு. டச்சுக்காரர்கள் 1613-ல் எழுப்பிய கெல்ட்ரியா கோட்டையின் சிதைவுகளையும், எலும்புக்கூடு செதுக்கிய அவர்களுடைய கல்லறைகளையும், குளிர்காலத்தில் வந்து இறங்கும் பூநாரைகளையும் பார்ப்பதற்காக அங்கே போகிறவர்கள் அநேகர். நம் நாட்டு உவர்நீர் ஏரிகளில் சிலிகாவுக்கு அடுத்தபடியாகப் பெரியது இதுதான். ஏரியின் பெரும் பகுதி ஆந்திர தேசத்தில் இருக்கிறது. தென்கோடி மட்டும் நமக்கு.

ஆனால் நாம் இங்கே சொல்லப் போவது கோட்டையைப் பற்றியும் அல்ல, பறவைகளைப் பற்றியும் அல்ல. ஒரு பையனைப் பற்றியும், அந்தப் பையனுடைய துயரத்தை நமக்கு வெகுநாள் கழித்து விளங்க வைத்த ஒரு மனோவைத்தியரைப் பற்றியுந்தான். அந்த வைத்தியர் பழவேற்காட்டைச் சேர்ந்தவர் அல்ல. கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்தில் வேலை செய்தவர். அங்கேயும் ஓர் உவர்நீர் ஏரி உண்டு. டச்சுக்காரர் கோட்டை உண்டு. வலை வீசிப் பிழைக்கும் தமிழர்களும் உண்டு.

2004-ஆம் வருஷம் நாம் உபாத்தியாயர் வேலையில் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. சர்வகலாசாலைப் பட்டம் அப்போதுதான் வாங்கியது. அதன் மிடுக்கு இன்னும் குறையவில்லை. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே மணல் திட்டில் இருந்த ஒரு குப்பத்திலிருந்து எட்டு வயதுப் பையன் ஒருவன் நம் வகுப்புக்கு வந்து கொண்டிருந்தான். கணக்கில் கெட்டிக்காரன். இறால் எடை போடும் இடத்தில் தகப்பனார் பக்கத்தில் நின்று, வியாபாரிக்கு முன்னால் தொகை சொல்லி விடுவானாம்.

அந்த வருஷம் டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுமத்ராவுக்கு அருகே கடலடியில் பூமி பிளந்ததால் எழுந்த அலை, சுமார் இரண்டரை மணி நேரத்தில் நம் கரையை எட்டி விட்டது. அப்போது அந்தப் பையனின் தகப்பனார் கரையில் உட்கார்ந்து வலை பழுது பார்த்துக் கொண்டிருந்தார். பையன் சற்று மேட்டில் நின்றிருந்தான். அவன் பிழைத்தான், தகப்பனார் உடல் கூடக் கிடைக்கவில்லை.

பள்ளிக்கூடம் மறுபடி திறந்தபோது பையன் வந்தான். ஆனால் பேசவில்லை. கணக்குப் போடவில்லை. ஏரிப் பக்கமாக இருந்த ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக் கொண்டு உட்கார்ந்தான். பலத்த காற்று அடித்தால் பெஞ்சுக்கு அடியில் போய் ஒளிந்தான். அவனுடைய ஆயா அவனைக் கூட்டிக் கொண்டு அம்மன் கோயிலுக்குப் போனாள்; பயந்த கோளாறு என்று மந்திரித்துக் கையில் கயிறு கட்டினாள். தர்கா ஒன்றுக்குப் போய்த் தண்ணீர் ஓதி வாங்கிக் கொடுத்தாள். பட்டணத்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வைத்தியர்கள் சில மாத்திரைகள் கொடுத்தார்கள். அவற்றையும் தவறாமல் கொடுத்தாள்.

நாம் என்ன செய்தோம்? அதைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாயிருக்கிறது. "ஆயா, இந்தக் கயிறும் தண்ணீரும் எதற்கு? இதெல்லாம் மூட நம்பிக்கை. மாத்திரையை மட்டும் கொடு, போதும்" என்று நாலு பேர் எதிரில் பிரசங்கம் செய்தோம். கிழவி பதில் பேசவில்லை. "சரிங்க வாத்தியாரய்யா" என்று சொல்லிப் பையனின் கையைப் பிடித்துக் கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு அவனைப் பற்றி நம்மிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அறிவைப் பரப்பி விட்டோம் என்று நாம் நினைத்தோம். உண்மையில் ஒரு கதவை அடைத்து விட்டோம்.

சில வருஷங்கள் கழித்து டாக்டர் தயா சோமசுந்தரம் எழுதியவற்றைப் படிக்க நேர்ந்தது. இவர் யாழ்ப்பாண சர்வகலாசாலையில் மனோவைத்தியப் பேராசிரியராக இருந்தவர். இலங்கையில் 1983-ல் மூண்ட யுத்தம் 2009-ல் முடிந்தது. அந்தக் காலத்தில் படித்தவர்கள் ஆயிரக் கணக்கில் கடல் கடந்து போனார்கள். ஒரு மனோவைத்தியர் லண்டனிலோ சிட்னியிலோ சௌக்கியமாக இருந்திருக்கலாம். இவரோ யுத்தத்தின் நெடுங்காலத்தை யாழ்ப்பாணத்திலேயே கழித்தார்.

அங்கே இருப்பதென்றால் வாயை மூடிக் கொண்டிருப்பது என்று அவர் பொருள் கொள்ளவில்லை. "முறிந்த பனை" என்று தமிழில் வழங்கும் ஆங்கில நூலை எழுதிய நால்வருள் இவரும் ஒருவர். யுத்தத்தில் ஈடுபட்ட எல்லாத் தரப்பாரும் ஜனங்களுக்குச் செய்த கொடுமைகளை அந்நூல் தாட்சண்யம் இல்லாமல் எழுதிற்று. நால்வருள் இன்னொருவரான டாக்டர் ராஜினி திராணகம, யாழ்ப்பாண வைத்தியக் கல்லூரியில் உடற்கூற்றியல் கற்பித்தவர், 1989 செப்டம்பர் 21-ல் சுட்டுக் கொல்லப்பட்டார். நூல் அடுத்த வருஷம் வெளியாயிற்று. ஒரு வாக்கியம் எழுதுவதற்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருந்தது என்பதை நேயர்கள் இதிலிருந்து ஊகித்துக் கொள்ளலாம்.

இவர் கற்றது மேல் நாட்டு மனோவைத்தியம். அந்தச் சாஸ்திரம் தனி மனிதனை எடுத்துக் கொள்கிறது. அவனுடைய மனத்தில் எங்கே பழுது என்று பார்க்கிறது. வியட்நாம் யுத்தத்திலிருந்து திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்கள் பட்ட வேதனையைக் கண்ட பிறகு, பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனவியாதி ஒன்றுக்கு 1980-ல் அமெரிக்க வைத்தியர்கள் பெயர் சூட்டி, வியாதிப் பட்டியலில் சேர்த்தார்கள். பயங்கரக் கனவு, நடந்தது திரும்பத் திரும்பக் கண்முன் வருதல், திடுக்கிடல், ஒதுங்கிப் போதல் முதலியவை அதன் குறிகள். இலங்கைத் தமிழில் இதற்கு "மனவடு" என்ற அழகான சொல் வழங்குகிறது. உடம்பில் காயம் ஆறினாலும் வடு நிற்பது போல, மனத்திலும் நிற்கிறது.

யாழ்ப்பாணத்தில் தம்மிடம் வந்தவர்களிடம் டாக்டர் சோமசுந்தரம் இந்தக் குறிகளையெல்லாம் கண்டார். ஆனால் அதோடு விஷயம் முடியவில்லை என்பதையும் கண்டார். ஜனங்கள் "எனக்கு" என்று பேசவில்லை. "எங்களுக்கு" என்று பேசினார்கள். 1995 அக்டோபர் முடிவில் யாழ்ப்பாணத்துத் தமிழ் ஜனங்கள் லட்சக் கணக்கில் ஒரே இரவில் வீடு வாசலை விட்டுப் புறப்பட்டார்கள். அப்போது சிதைந்தது தனித்தனி மனங்கள் மட்டுமல்ல. கோயில், கிணறு, அண்டை வீடு, பஞ்சாயத்து, ஒருவர் மேல் ஒருவருக்கிருந்த நம்பிக்கை, எல்லாமே சிதைந்தன. குடும்பத்துக்கும் ஊருக்கும் கூட வடு உண்டாகும் என்று அவர் எழுதினார். "வடுப்பட்ட மனங்கள்" என்ற பொருளில் அவர் எழுதிய ஆங்கிலப் புத்தகம் 1998-ல் வெளியாயிற்று. 2014-ல் வெளியான புத்தகத்தின் தலைப்போ, "வடுப்பட்ட சமூகங்கள்" என்று பொருள்படும். இரண்டு தலைப்புகளுக்கும் இடையே உள்ள தூரம்தான் அவருடைய வாழ்க்கை நடந்த தூரம் என்று சொல்லலாம்.

உலகச் சுகாதார ஸ்தாபனம் 1948-ல் ஆரோக்கியத்துக்கு ஓர் இலக்கணம் வகுத்தது. நோய் இல்லாதிருப்பது மட்டும் ஆரோக்கியம் அல்ல. உடல், மனம், சமூகம் ஆகிய மூன்றின் நலமும் சேர்ந்ததே ஆரோக்கியம் என்றது. டாக்டர் சோமசுந்தரம் அத்துடன் குடும்ப நலத்தையும் ஆத்மிக நலத்தையும் சேர்த்துக் கொள்ள வேண்டும் என்கிறார். இதைத்தான் இப்போது முழுமை வைத்தியம் என்று சொல்லுகிறார்கள். நம் பாட்டிமார்களைக் கேட்டால், இதற்கு இவ்வளவு பெரிய பெயரா என்று கேட்பார்கள்.

காரியத்தில் இது என்ன ஆயிற்று? யுத்தப் பிரதேசத்தில் மனோவைத்தியர்கள் விரல் விட்டு எண்ணக் கூடியவர்கள். துயரப்பட்டவர்களோ லட்சக் கணக்கானவர்கள். ஆகவே உபாத்தியாயர்கள், கிராமச் சுகாதாரச் சிப்பந்திகள், ஊர்ப் பெரியவர்கள், பூசாரிகள், பாதிரிமார்கள், நாட்டு வைத்தியர்கள் முதலியவர்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று அவரும் அவருடைய சகாக்களும் முயன்றார்கள். இதற்கென்று ஒரு கைப்புத்தகம் 2000-ல் தயாராயிற்று. காம்போடியாவிலும் சில காலம் இருந்து, அந்நாட்டார் மனோவைத்தியத்தைக் கிராமங்களுக்குக் கொண்டு போக உதவினார்.

மன அமைதிக்கு அவர் கையாண்ட முறைகள் விசித்திரமானவை அல்ல. மூச்சைக் கவனித்து விடுதல். அங்கங்களை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் படுத்தல். எண்ணெய் தேய்த்துப் பிடித்து விடுதல். பழகிய திருநாமம் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லுதல். ஹிந்துவுக்கு ஜபம், கத்தோலிக்கருக்கு ஜபமாலை, முஸ்லிமுக்கு திக்ரு, பௌத்தருக்கு அவர்களுடைய சரணம். எந்த மார்க்கத்தின் சொல் உயர்ந்தது என்ற கேள்வி அங்கே எழுவதில்லை. தாய் மடியில் கேட்ட சொல் எதுவோ, அதுவே மருந்து.

நம்மை உலுக்கியது அவர் எழுதிய இன்னொரு விஷயம். காணாமற் போனவர்களின் குடும்பங்களில் துயரம் முடிவதே இல்லை என்கிறார். உடல் இருந்தால் அழலாம், எரிக்கலாம், புதைக்கலாம். யாழ்ப்பாணத்தில் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி செய்வார்கள். அந்தச் சடங்குகள் இறந்தவருக்காக மட்டும் ஏற்பட்டவை அல்ல. இருப்பவர்கள் துக்கத்தைப் படிப்படியாக இறக்கி வைப்பதற்கு ஊர் கட்டிய படிக்கட்டு. உடலே கிடைக்காதபோது அந்தப் படிக்கட்டு இல்லாமற் போகிறது.

இதைப் படித்ததும் ஆயாவின் நினைவு வந்தது. 2004-க்குப் பிறகு பல மாதங்கள் வரையில் அவள் தன் மகனுக்குக் கருமாதி செய்ய விடவில்லை. "எம் புள்ள எங்கியாவது ஆஸ்பத்திரியில கிடப்பான்" என்று சொல்லிக் கொண்டிருந்தாள். மருமகளோ பொட்டை எடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் தவித்தாள். அந்த வீட்டில் பையன் எப்படிப் பேசுவான்? தகப்பன் செத்துவிட்டார் என்றால் ஆயாவுக்குத் துரோகம். உயிரோடிருக்கிறார் என்றால் தன் கண் கண்டதற்குத் துரோகம். பேசாமலிருப்பது ஒன்றே வழி.

அந்தக் கட்டை அவிழ்த்தது வைத்தியரும் அல்ல, உபாத்தியாயரும் அல்ல, ஊர்தான். பழவேற்காட்டில் "பாடு" என்று ஒரு பழைய ஏற்பாடு உண்டு. ஏரியில் இறால் நிறைய விழும் இடங்களைக் குப்பங்கள் முறை வைத்துப் பங்கிட்டுக் கொள்கின்றன. எந்த நாள் எந்த இடம் யாருக்கு என்பதைச் சீட்டுப் போட்டுத் தீர்மானிக்கிறார்கள். இதில் இடம் பெறாதவர்களுக்கு மனத்தாங்கல் உண்டு என்பதும் உண்மையே. பையனுடைய ஊரிலும் இப்படிப் பங்கு பிரிக்க மறுபடி கூடியபோது, அந்த வீட்டுப் பங்கு யார் பேரில் என்ற கேள்வி வந்தது. "பங்கு வீட்டோடுதான் இருக்கும், பையன் தலையெடுக்கும் வரை நாங்கள் பார்த்துக் கொள்ளுகிறோம்" என்று பெரியவர்கள் சொன்னார்கள். அதன் பிறகே ஆயா கருமாதிக்குச் சம்மதித்தாள். மகன் இல்லை என்று ஒப்புக் கொண்டால் குடும்பமே ஊரிலிருந்து அழிந்து விடும் என்று அவள் பயந்திருக்கிறாள் போலும்!

முகத்துவாரத்தில், ஏரி கடலோடு சேரும் இடத்தில், சடங்கு நடந்தது. நாமும் போயிருந்தோம். பையன் ஒரு பெரியவரின் இடுப்புத் துணியைப் பிடித்துக் கொண்டு முழங்கால் அளவு நீரில் இறங்கிப் பிண்டத்தை விட்டான். பிறகு ஓவென்று அழுதான். ஊரே அழுதது. அன்றே குணமாகி விட்டான் என்று எழுதினால் அது கதையாகி விடும். ஒரு வருஷம் பிடித்தது. மாத்திரையும் உதவிற்று, கயிறும் உதவிற்று, ஊர்தான் எல்லாவற்றிலும் அதிகம் உதவிற்று.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். கயிறு போதும், மருந்து வேண்டாம் என்று யாராவது நாம் சொன்னதாக எடுத்துக் கொண்டால் பெரும் பிழையாகும். 2001 ஆகஸ்டு 6-ல் ஏர்வாடியில் என்ன நடந்தது என்பதைத் தமிழர் மறக்கலாகாது. தர்காவை நாடி வந்த மனோவியாதிக்காரர்களைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்த ஒரு கொட்டகை தீப்பற்றி எரிந்தது. ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். பிற்பாடு 2017-ல் வந்த மனநலச் சட்டம் சங்கிலியிடுவதை அடியோடு தடுத்திருக்கிறது. கடுமையான சித்தப் பிரமைக்கு ஆஸ்பத்திரி சிகிச்சை இன்றியமையாதது. டாக்டர் சோமசுந்தரத்தின் திட்டத்திலும், அத்தகையவர்களைக் கண்டுபிடித்து வைத்தியரிடம் அனுப்புவது கிராமத் தொண்டர்களின் முக்கியமான கடமை. முழுமை என்றால் மருந்தைத் தள்ளுவது அல்ல. மருந்தோடு மனிதனையும் சேர்த்துக் கொள்வது.

இந்த வழியில் நம் நாட்டிலும் முன்னோடிகள் உண்டு. 1950-களில் அமிருதசரஸ் ஆஸ்பத்திரியில் டாக்டர் வித்யாசாகர், நோயாளிகளுடைய குடும்பத்தாரையும் அழைத்து வளாகத்திலேயே கூடாரம் போட்டுத் தங்க வைத்து, அவர்களையே பணிவிடை செய்யப் பழக்கினார். பெங்களூர் மனநல ஸ்தாபனத்தின் தலைவராக இருந்த டாக்டர் சூர்யா, மேல் நாட்டு முறையை அப்படியே நம் ஜனங்கள் மேல் சுமத்துவது தகாது என்று வாதாடினார். பிறகு புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தைச் சேர்ந்தார்.

அந்தப் பையனுக்கு இப்போது சொந்தப் படகு இருக்கிறது. சென்ற மாதம் பழவேற்காட்டுக்குப் போனபோது கரையில் கண்டோம். ஆயா காலமாகிச் சில வருஷங்கள் ஆயினவாம். அவனுடைய சிறு பெண் தோளில் உட்கார்ந்திருந்தாள். கையில் ஒரு கறுப்புக் கயிறு.

நாம் அதைப் பார்ப்பதை அவன் கவனித்து விட்டான். "ராத்திரியில பயந்துக்குது வாத்தியாரய்யா. டாக்டர்கிட்டயும் காட்டினேன்" என்றான், சற்று முந்திக் கொண்டே.

"நல்லது அப்பா. இரண்டும் இருக்கட்டும்" என்றோம். இருபது வருஷத்துக்கு முன் ஆயாவிடம் சொல்லியிருக்க வேண்டிய பதில் அது.